இருபத்து மூன்றாம் மேற்கோள்

எங்கள் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானிகள் நாற்பது பேர். கண்டுபிடிப்பது அவர்கள் பாடு. கண்டுபிடித்ததை, ஆராய்ச்சி இதழ் நடத்தும் ஜர்னல்காரன் ஏற்றுக்கொள்ளும்படி பேப்பராக ஆக்கி அனுப்புவது கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் இருவர் பாடு. படங்களும் வரைபடங்களும் என் வேலை. எழுத்து முழுவதும் அக்காவின் வேலை. எனக்கு மட்டும் அவர் அக்கா இல்லை. அடுத்த வருடம் ஓய்வுபெறப்போகிற இயக்குநர்கூட, "அக்கா கிட்ட கொடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இயக்குநரைவிடச் சின்னவர்.

ஆராய்ச்சி முடிந்தால் பேப்பர் முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் அறைக்கு வந்து ஒரு நாள் உட்கார வேண்டும். ஒரு ஜர்னலுக்கு வருடத்தை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இன்னொன்றுக்கு வரியின் கடைசியில் போட வேண்டும். ஒருவன் சுருக்கம் இருநூறு சொல்லுக்குள் என்பான், இன்னொருவன் நூற்றைம்பது என்பான். பேப்பரை ஒருவன் திருப்பி அனுப்பிவிட்டால், அடுத்தவனுடைய விதிப்படி அத்தனையையும் தலைகீழாக மாற்ற வேண்டும். "ஒரு கமாவை எங்க வைக்கணும்னு இவனுங்களால ஒத்துமையா ஒரு முடிவுக்கு வர முடியல, இவனுங்க உலகத்தைக் காப்பாத்தப் போறானுங்களாம்" என்று அக்கா திட்டிக்கொண்டே மாற்றுவார். திட்டாமல் அவரால் வேலை செய்ய முடியாது. திட்டு நின்றுவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.

பேப்பரைப் படித்துக் குறை சொல்வதற்கென்று ஜர்னல்காரர்கள் பெயர் சொல்லாத ஆட்களை வைத்திருப்பார்கள். மதிப்பாய்வாளர்கள். அவர்களில் சிலருக்கு நாக்கு முழுக்க விஷம். 'இதை எழுதியவர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை' என்று எழுதுவார்கள். அதற்கு அக்கா, 'தங்களுடைய மேலான கருத்துக்கு மனமார்ந்த நன்றி' என்று பதிலைத் தொடங்குவார். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு நன்றி. வாய் ஒரு பக்கம் வசை பாடும், விரல் ஒரு பக்கம் நன்றி சொல்லும். அந்தக் காட்சிக்கு டிக்கெட் போடலாம்.

எங்கள் மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நம் விஞ்ஞானிகள் எழுதும்போது, 'இதை முன்பே பலர் கண்டிருக்கிறார்கள்' என்று போட்டுவிட்டு, யார் கண்டார்கள் என்று தேடச் சோம்பல்பட்டு, பக்கத்தில் 'மே.போ.' என்று கிறுக்கிவிடுவார்கள். மேற்கோள் போடு என்று அர்த்தம். அந்த இடத்துக்குப் பொருத்தமான பழைய பேப்பரைத் தேடிப்பிடித்து, எண் கொடுத்து, கடைசிப் பட்டியலில் சேர்ப்பது அக்கா தலையில். மேல்மாடியில் மண்ணை ஆராயும் புரொபசர், எங்களுக்கு மண் புரொபசர், இதில் மன்னன். அவருடைய பேப்பரில் பக்கத்துக்கு நாலு மே.போ. இருக்கும். பட்டியலை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவுக்கு ஒரு தங்கை. பத்து வயது இளையவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அக்கா படிப்பை நிறுத்தி, ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்து, தங்கையைப் படிக்க வைத்தார். தங்கை படித்தாள், மேலே படித்தாள், கடல் தாண்டிப் போனாள். உப்பேறிய மண்ணில் வேர்கள் என்ன பாடுபடுகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா போன் செய்து கூப்பிட்டபோது தங்கையின் கையில் ஒரு பேப்பர் இருந்தது. திருத்தி அனுப்ப மூன்று வாரம் கெடு. "பதினேழாம் தேதி அனுப்பிட்டு, பதினெட்டாம் தேதி கிளம்பிடறேன்க்கா" என்றாள். அம்மா பதினாலாம் தேதி போய்விட்டார்.

"இனிமே வரவேண்டாம். அந்தப் பேப்பரையே கட்டிக்கிட்டு அழு" என்று அக்கா போனை வைத்தார். வைத்தது வைத்ததுதான். தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பிறகு எண்ணை மாற்றினார், வீட்டையும் மாற்றினார். ஒரு கட்டத்தில் அந்தப் பக்கமும் ஓய்ந்துபோயிற்று.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அக்கா எங்கள் அறைக்கு வேலைக்கு வந்தார். ஏன் இந்த வேலை என்று கேட்டால் சம்பளம் என்பார். எனக்குக் காது குத்தியாகிவிட்டது. வக்கீல் அலுவலகத்தில் இதைவிட அதிகம்.

வந்து மூன்றாவது மாதம் ஒரு விஞ்ஞானிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அவருடைய பேப்பருக்குக் கெடு நெருங்கிவிட்டது. அக்கா பதறினார். நான் வரைபடத்துக்கு வண்ணம் போட்டுக்கொண்டே, "எடிட்டருக்கு ஒரு வரி போடுங்கக்கா. ஒரு மாசம் தள்ளிக் கொடுத்துடுவாங்க" என்றேன்.

"ஒரு வரியா?"

"ஒரே வரி. யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா மறுபேச்சே கிடையாது."

"கேட்டா கொடுத்துடுவாங்களா?"

"எத்தனை தடவை வாங்கியிருக்கோம்!"

அக்கா அந்த ஒரு வரியை எழுதினார். மறுநாள் காலையிலேயே எடிட்டர் ஆறு வாரம் கொடுத்து, நோயாளி நலம் பெற வாழ்த்தும் சொல்லியிருந்தார். அதைப் படித்த அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம்தான் எனக்கு முழுக்கதையும் சொன்னார். தங்கைமேல் கோபம் அன்றைக்கு இரண்டு மடங்கு ஆனது. ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருக்கலாமே என்று. ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது, "பாவம், அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. அப்ப அவளும் புதுசுதானே" என்றார். கோபம் கரைய ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். கரைந்தது கோபம் மட்டும்தான், வீம்பு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து தங்கையின் பேப்பர்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். படிப்பது என்றால் வேர், உப்பு இதையெல்லாம் இல்லை. பெயருக்குக் கீழே எந்த நிறுவனம், எந்த ஊர் என்று பார்ப்பார். மாறியிருந்தால், "இடம் மாறிட்டா, குளிர் ஊரு, இவளுக்குச் சளி பிடிக்குமே" என்பார். அடுத்து நேராகக் கடைசிப் பக்கம், நன்றியுரை. யார் யாருக்கோ நன்றி. ஒரு முறை, 'பொறுமையாக இருந்த என் கணவருக்கு' என்று இருந்தது. "கல்யாணம் ஆயிடுச்சா!" என்று அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். இரண்டு வருடம் கழித்து, 'குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கு' என்று ஒரு வரி. ஆணா, பெண்ணா? அதைப் போடவில்லை. "அறிவு கெட்டவ! எழுதறதே எழுதறா, இன்னும் ஒரு சொல் சேர்த்தா குறைஞ்சா போயிடும்?" என்று ஒரு வாரம் அரற்றினார்.

ஒவ்வொரு பேப்பரின் முதல் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக்குறி போட்டு, 'தொடர்புக்கு' என்று தங்கையின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அக்காவின் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், நறுக்கென்று பேசுகிறவர். "முகவரியைப் பார்த்துப் பார்த்து அழறதுக்கு எழுதித் தொலைக்கலாமே" என்பாராம். அக்கா எழுத மாட்டார். எழுதினால் என்ன எழுதுவது? வரவேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே.

எழுதுவதற்குப் பதிலாக அவர் ஒன்று செய்தார். மே.போ. என்று இருக்கும் இடங்களில், கொஞ்சம் பொருந்தினாலும் போதும், தங்கையின் பேப்பரைச் சேர்த்தார்.

நான் இதைக் கவனித்துக் கேட்டபோது, "ஒருத்தர் பேப்பரை மத்தவங்க மேற்கோள் காட்டினா அவங்களுக்கு மதிப்பு கூடும்னு நீதானே சொன்னே? பதவி உயர்வுக்கெல்லாம் எண்ணிப் பார்ப்பாங்களாம். என்னால வேற என்ன கொடுக்க முடியும், சொல்லு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். தப்பு என்று தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவர் டைப் அடிக்கும்போது திட்டு நின்றுவிடும். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அடிப்பார். அதைப் பார்த்தவன் எவனும் என்னைப் போலத்தான் இருந்திருப்பான்.

இந்த வருடம் மண் புரொபசரின் பெரிய பேப்பர் ஒன்று வந்தது. அதே வாரத்தில் தங்கையின் புதுப் பேப்பரும் வெளியாகியிருந்தது. அக்கா வழக்கம்போல நன்றியுரைக்குப் போனார். திடீரென்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு. என் தேநீர் சிந்தியது.

"பொண்ணுடா தம்பி! 'வேர்களை என்னோடு சேர்ந்து எண்ணிய என் மகளுக்கு'ன்னு போட்டிருக்கா. பொண்ணு! நான் ஒரு பொண்ணுக்குப் பெரியம்மாடா!"

கண் நிறைந்து வழிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண் புரொபசரின் பேப்பரைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட மே.போ.வில் அந்தப் பேப்பரைச் சேர்த்தார். இருபத்து மூன்றாம் மேற்கோள். அந்த இடத்தில் புரொபசர் எழுதியிருந்தது, உப்பு மண்ணில் வேர் ஆழமாக இறங்கும் என்று. தங்கை தன் பேப்பரில் நிரூபித்திருந்தது, இறங்காது, மேலாகவே பரவும் என்று. அக்கா அதைப் படிக்கவில்லை. நன்றியுரையைத் தாண்டி அன்றைக்கு அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மண் புரொபசர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். கையில் அச்செடுத்த கடிதம்.

"யாரும்மா இந்த இருபத்து மூணு? எனக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன ஏற்பாடுன்னு கேக்கறான்! நல்லவேளை, என் மனைவி ஜர்னல் படிக்கறதில்ல!"

நான் வாங்கிப் படித்தேன். மதிப்பாய்வாளர் விவரம் தெரிந்த ஆள். இருபத்து மூன்றாம் மேற்கோள் சொல்வது நேர்மாறாக இருக்கிறது, ஆசிரியர்கள் அதைப் படிக்கவே இல்லை என்று தொடங்கியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். சந்தேகப்பட்டு எங்கள் மையத்தின் பழைய பேப்பர்களையும் புரட்டியிருக்கிறார். பதினொரு பேப்பர்களில் இதே பெயர், அதில் ஏழு இடங்களில் தேவையே இல்லை. மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்த இரு தரப்புக்கும் ஏதாவது ஏற்பாடு உண்டா என்று எடிட்டர் விசாரிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். எடிட்டர் எங்களிடம் விளக்கம் கேட்டிருந்தார். அந்த அம்மாவிடமும் கேட்டிருப்பதாகவும், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்போவதாகவும் கீழே இருந்தது.

அக்கா கடிதத்தை வாங்கினார். முதல் பகுதியைப் படித்தபோது அவர் முகம் மாறவில்லை. கடைசி வரியை மட்டும் விரல் வைத்து இரண்டு தரம் படித்தார்.

"அவளையுமா கேட்டிருக்காங்க?"

"அவங்களைத்தாம்மா முக்கியமா கேப்பாங்க. லாபம் அவங்களுக்குத்தானே" என்றார் புரொபசர்.

"சார், அது நான் சேர்த்தது. எல்லாமே நான்தான். அவ என் தங்கச்சி."

புரொபசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "இப்படிச் செய்வோம். மேற்கோள் பட்டியல் தயாரிக்கற மென்பொருள்ல கோளாறுன்னு எழுதிடுவோம். இயக்குநர் வரைக்கும் போகாது. உங்க வேலையும் தப்பிக்கும்."

"பதினோரு பேப்பர்லயும் அதே கோளாறான்னு கேப்பாங்களே சார்."

"கேட்டா கேக்கட்டும். நிரூபிக்க முடியாது."

"நமக்கு முடியாது. ஆனா அவ மேல சந்தேகம் அப்படியே நிக்குமே. நான் அவளுக்குப் பேர் வாங்கித் தரணும்னு பார்த்தேன். இருக்கற பேரையும் கெடுத்துட்டு, மென்பொருள் மேல பழியைப் போட்டு நான் நல்லா இருக்கவா?"

"வேலை போனாலும் போகலாம்மா."

"போகட்டும் சார்."

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அக்கா பதில் எழுதினார். வழக்கமான அதே வடிவம். கருத்து, கீழே பதில்.

'கருத்து ஒன்று: இருபத்து மூன்றாம் மேற்கோள் நேர்மாறானது. பதில்: மதிப்பாய்வாளரின் கூர்மையான கவனத்துக்கு மனமார்ந்த நன்றி. அவர் சொல்வது சரி. விஞ்ஞானிகள் யாரும் இதைச் சேர்க்கவில்லை. பேப்பரைத் தயாரிக்கும் ஊழியராகிய நான் சேர்த்தேன். அதன் நன்றியுரையை மட்டுமே படித்தேன்.

'கருத்து இரண்டு: இரு தரப்புக்கும் ஏற்பாடு உண்டா? பதில்: இல்லை. அவர் என் தங்கை. ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் இந்த வேலையில் இருப்பதை நான் அவரிடம் சொன்னதில்லை. இது அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது என்று எண்ணினேன். கெடுதலாக முடியும் என்று எண்ணவில்லை. எந்த நடவடிக்கையானாலும் என்மேல் எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவர் நேர்மையானவர். சிறு வயதில் வீட்டுப்பாடத்தைக்கூட என்னைக் கேட்டு எழுத மாட்டார்.'

"அந்தக் கடைசி வரி எதுக்குக்கா? எடிட்டருக்கு எதுக்கு அது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.

புரொபசர் படித்துவிட்டு எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூக்கை மட்டும் உறிஞ்சினார். மண் தூசி என்றார்.

எடிட்டர் பத்து நாளில் பதில் அனுப்பினார். விளக்கம் ஏற்கப்பட்டது, அந்த அம்மாமேல் குறை எதுவும் இல்லை, அக்கா எழுதிய பதிலின் நகல் அவருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. மண் புரொபசரின் பேப்பரை மட்டும் திருப்பிவிட்டார்கள். இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். மே.போ. பழக்கம் இனி கூடாது, அவரவர் மேற்கோளை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். வேலை தப்பியது. நாற்பது விஞ்ஞானிகளும் துக்க வீட்டுக்காரர்கள்போல நடமாடினார்கள்.

அக்காவுக்கு எதுவும் ஒட்டவில்லை. நகல் போய்ச் சேர்ந்திருக்கும், அவள் படித்திருப்பாள் என்பது ஒன்றே மனதில். காலையில் வந்ததும் மின்னஞ்சலைத் திறப்பார், மூடுவார். அரை மணிக்கு ஒரு தரம் திறப்பார். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. "கோவமா இருப்பா. அவ ஆபீஸ்ல தலைகுனிவு ஆயிருக்கும். என்னால அவளுக்கு எப்பவும் கஷ்டம்தான்" என்றார். அந்த நாட்களில் அவர் யாரையும் திட்டவே இல்லை. அறை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், அக்கா கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

'அக்கா, எடிட்டர் உன் பதிலை அனுப்பினார். உடனே எழுதத் தைரியம் வரல. என் பேப்பரை யாராவது மேற்கோள் காட்டினா எனக்கு அறிவிப்பு வரும். நம்ம ஊர்லேருந்து மூணாவது தடவை வந்தப்பவே சந்தேகப்பட்டேன். மையத்தோட வலைத்தளத்துல ஊழியர்கள் பக்கத்துல உன் போட்டோ இருந்தது. உனக்கு முடி நரைச்சிருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும், அக்கா நல்லா இருக்கான்னு நினைச்சுப்பேன். நான் எழுதினா நீ நிறுத்திடுவியோன்னு பயந்தேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒன்பது வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?'

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள்.

"என்னக்கா, கேட்டாங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"உட்காரு. நான் எழுதறதைப் படிச்சுட்டு, சரியா இருக்கான்னு சொல்லு" என்றார்.

நூற்றுக்கணக்கான பதில் கடிதங்களைப் பிழையில்லாமல் எழுதிய அக்கா, அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை அழித்து எழுதினார். எழுத எழுத நான் படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் எழுந்து போய்விட நினைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

'கேட்டாங்க. கடைசி மூணு நாள் அம்மாவுக்கு ஆள் தெரியல. சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு அதே கேள்வி. என்னால தாங்க முடியல. வந்துட்டேம்மான்னு நான் சொல்லிட்டேன். நான்தான் நீன்னு நினைச்சு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சந்தோஷமா இருந்தாங்க. நீ வராம அவங்க போகலடி.

'அப்ப அம்மா உன்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்குச் சொன்னதை ஒன்பது வருஷமா நானே வச்சுக்கிட்டேன், மன்னிச்சுக்கோ. அம்மா சொன்னது இதுதான்: அக்கா உன்மேல கோவமா இருப்பா, அவளை விட்டுடாதே, அவ வாயைத் திறந்து வான்னு கூப்பிட மாட்டா, நீதான் போய்ப் பார்க்கணும்னு.

'அம்மா என்னைப் பத்தி நினைச்சது சரிதான். ஆனா இப்ப நான் கூப்பிடறேன். பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாடி.'